புயல், வெள்ளத்துக்குப் பிறகு ஊரின் சுகாதாரத் தேவையைக் கணக்கெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புயலோ வெள்ளமோ ஓய்ந்த மறுநாளே லாரிகள் கிளம்பிவிடும். பிஸ்கட், பால் பவுடர், போர்வை, துணி என்று எது கைக்குக் கிடைத்ததோ அது. நல்ல மனசோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் மெயின் ரோட்டில் எந்த இடத்தில் கூட்டம் கைகாட்டி நிறுத்துகிறதோ அங்கேயே அந்த லாரி காலியாகிவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்த பிறகு டெல்டா முழுக்க இதுதான் நடந்தது. சாலையோரத்து ஊர்களில் பொருள் குவிந்தது, மரம் விழுந்து வழி அடைபட்ட உள்கிராமங்கள் காத்துக்கொண்டிருந்தன. அங்கே போய்ச் சேர்ந்தவர்களும் பெரும்பாலும் உணவுப் பொட்டலத்தோடுதான் போனார்கள். மக்களுக்கு அப்போது அதைவிட அவசரமாக வேண்டியிருந்தது தண்ணீர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன; கரண்ட் இல்லை என்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்றால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறாது.

எங்கே, யாருக்கு, என்ன வேண்டும் என்பதை வீட்டு வாசலில் நின்று கேட்டால்தான் தெரியும். அதுவும் நமக்கு வசதியான வீட்டு வாசலில் இல்லை, குலுக்கலில் விழுந்த வீட்டு வாசலில். இந்த வழிகாட்டி அதற்குத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்பவர்கள், நர்சிங் கல்லூரி மாணவர்கள், என்.எஸ்.எஸ். பிள்ளைகள், தன்னார்வக் குழுக்கள் என்று இருபது பேர் சேர்ந்தால் இரண்டு மூன்று நாளில் செய்யக்கூடிய வேலை இது.

முறை புதிது இல்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., சூறாவளிகளுக்குப் பிறகு 'கேஸ்பர்' என்ற பெயரில் இதைச் செய்கிறது: 30 பகுதிகள், பகுதிக்கு 7 வீடுகள், மொத்தம் 210 வீடுகள். அதற்கும் முன்பே தடுப்பூசி எத்தனை குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் பயன்படுத்திய கணக்குதான் இது. நம் ஊரில் தடுப்பூசிக் கணக்கெடுப்பில் வேலை பார்த்தவர்களுக்கு '30க்கு 7' என்றாலே புரிந்துவிடும்.

படி 1: முதல் மூன்று நாள் இதைத் தொடங்காதீர்கள்

முதல் 72 மணி நேரம் மீட்புக்கான நேரம். அப்போது காகிதத்தோடு போய்க் கதவைத் தட்டினால் மக்கள் கோபப்படுவார்கள், நியாயமான கோபம்தான். அந்த நாட்களில் செய்ய வேண்டியது ஒரு சுற்று. பைக்கில் எவ்வளவு தூரம் போக முடிகிறதோ அவ்வளவு போய், எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, எந்தத் துணை சுகாதார நிலையம் பூட்டிக் கிடக்கிறது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, ஜெனரேட்டர் எங்கே ஓடுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். ஜெனரேட்டர் வீட்டுக்குள்ளேயோ மூடிய வராந்தாவிலேயோ ஓடினால் அங்கேயே நின்று வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

அனுமதியையும் இந்த நாட்களில் வாங்கிவிட வேண்டும். மாவட்ட சுகாதார அலுவலர், வட்டார மருத்துவ அலுவலர், கலெக்டர் அலுவலகத்தின் பேரிடர் பிரிவு, இந்த மூன்று இடத்திலும் வாய்வார்த்தையாக இல்லாமல் ஒரு பக்கக் கடிதமாகக் கொடுங்கள். அனுமதிக்காக மட்டும் இல்லை, கணக்கெடுத்து முடித்த பிறகு முடிவை யார் கையில் கொடுக்கப் போகிறோம் என்பது இப்போதே தீர்மானமாக வேண்டும். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத கணக்கெடுப்பை நடத்தாமல் இருப்பதே மேல். நொந்து கிடக்கிற குடும்பத்தின் அரை மணி நேரத்தை வீணாக்க யாருக்கும் உரிமை கிடையாது.

படி 2: பட்டியல் இருப்பவர்களைப் பட்டியலை வைத்தே தேடுங்கள்

பலர் குழப்பிக்கொள்கிற இடம் இது. டயாலிசிஸ் செய்துகொள்பவர் யார், கர்ப்பிணி யார் என்று கண்டுபிடிக்க மாதிரிக் கணக்கெடுப்பு தேவையே இல்லை. ஏற்கெனவே பெயர் இருக்கிறது. கர்ப்பிணிகள் 'பிக்மி' என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவில் இருக்கிறார்கள், கிராம சுகாதார செவிலியரின் நோட்டிலும் இருப்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் பட்டியல் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்களிடம் இருக்கிறது. காசநோய் மருந்து சாப்பிடுபவர்கள் 'நிக்ஷய்' என்ற அரசின் காசநோய்ப் பதிவில் இருக்கிறார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அங்கன்வாடிப் பணியாளர் பெயர் சொல்லியே அடையாளம் காட்டுவார்.

எனவே இரண்டு வேலையையும் பிரித்துவிடுங்கள். ஒரு சின்னக் குழு பட்டியலோடு போய் இவர்கள் ஒவ்வொருவரையும் நேரில் பார்க்கட்டும்: பிரசவ தேதி நெருங்கியவர்கள், டயாலிசிஸ் நோயாளிகள், இன்சுலின் போடுபவர்கள், வலிப்பு மருந்தும் மனநல மருந்தும் சாப்பிடுபவர்கள் முதலில். இதில் சதவீதம் பார்க்க எதுவும் இல்லை, ஒருவர் விடாமல் பார்க்க வேண்டியதுதான். யாருக்கும் தெரியாத தேவை எவ்வளவு என்று பார்ப்பதற்குத்தான் 210 வீட்டுக் கணக்கெடுப்பு.

படி 3: வரைபடத்தில் இல்லாதவர்களை வரைபடத்துக்குள் கொண்டுவாருங்கள்

குலுக்கல் போட வேண்டும் என்றால் முதலில் மொத்த வீடுகளின் பட்டியல் வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பகுதிவாரி எண்ணிக்கையை எடுக்கலாம், ஆனால் 2011 எண்ணிக்கை இன்றைய ஊரோடு பொருந்தாது. ரேஷன் கடைவாரியான குடும்ப அட்டை எண்ணிக்கையும் வாக்குச்சாவடிப் பட்டியலும் ஓரளவு புதியவை. இதில் எதை எடுத்தாலும் சிலர் விடுபடுவார்கள், விடுபடுபவர்கள் எப்போதும் ஒரே ஆட்கள்தான். குடும்ப அட்டை இல்லாத இருளர் குடியிருப்பு, உப்பளத்தில் கொட்டகை போட்டுத் தங்கியிருப்பவர்கள், செங்கல் சூளைக் குடும்பங்கள், வாடகை அறையில் எட்டுப் பேராகத் தங்கும் வடமாநிலத் தொழிலாளர்கள், புறம்போக்கில் வீடு கட்டியவர்கள். அப்புறம் ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் காலனித் தெரு. பல ஊர்களில் 'ஊர்' என்று சொல்லிக் காட்டும்போது அந்தத் தெருவைச் சேர்த்துக்காட்ட மாட்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தில் தலித் குடும்பங்களும் இருளர்களும் ஒதுக்கப்பட்டதைப் பலரும் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். பட்டியல் போடும் மேசையிலேயே அந்த ஒதுக்கல் தொடங்கிவிடுகிறது என்பதால் இந்தப் படிக்கு அரை நாள் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை.

எப்படிச் சேர்ப்பது? தபால்காரர், மின்வாரிய லைன்மேன், ரேஷன் கடை எடையாளர், பால் ஊற்றுபவர், இவர்களில் இரண்டு பேரை உட்கார வைத்துக் கையால் ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். ஊராட்சித் தலைவர் போடும் வரைபடத்துக்கும் இவர்கள் போடும் வரைபடத்துக்கும் எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கேதான் நீங்கள் போக வேண்டிய வீடுகள் இருக்கும்.

முகாமில் இருப்பவர்களை இந்தப் பட்டியலோடு கலக்காதீர்கள். முகாமின் தேவையும் வீட்டில் இருப்பவர்களின் தேவையும் வேறு வேறு. முகாமைத் தனியாகப் பாருங்கள்: தலைக்கு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை (தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று), ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் இல்லை, ஒருவருக்கு மூன்றரை சதுர மீட்டர் இடம். இவை 'ஸ்பியர்' என்ற சர்வதேச நிவாரண அளவுகோல்கள், எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கழிப்பறையை எண்ணும்போது பெண்களுக்குத் தனியாக, உள்ளே தாழ்ப்பாளோடு, இரவில் வெளிச்சத்தோடு இருப்பதை மட்டும் பெண்கள் கணக்கில் சேருங்கள். தாழ்ப்பாள் இல்லாததைப் பெண்கள் பயன்படுத்த மாட்டார்கள், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், நாலு நாளில் சிறுநீர்த் தொற்றோடு வருவார்கள்.

படி 4: குலுக்கல்

கணக்கு பயமுறுத்தும், ஆனால் நோட்டும் பேனாவும் இருந்தால் போதும். பாதிக்கப்பட்ட வட்டாரத்தில் மொத்தம் 12,600 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். ஊர்களையும் தெருக்களையும் வரிசையாக எழுதி, பக்கத்தில் வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 12,600ஐ 30ஆல் வகுத்தால் 420. ஒன்றிலிருந்து 420க்குள் ஏதாவது ஒரு எண்ணைக் குலுக்கலில் எடுங்கள். கையில் இருக்கும் ரூபாய் நோட்டின் கடைசி மூன்று இலக்கத்தைப் பார்ப்பது பழைய பழக்கம், நல்ல பழக்கம். 137 வந்தால் 137ஆவது வீடு எந்தத் தெருவில் விழுகிறதோ அது முதல் பகுதி. 137உடன் 420 கூட்டினால் 557, அது விழும் தெரு இரண்டாவது. இப்படியே முப்பது. பெரிய ஊர் இரண்டு முறை வரலாம், வரட்டும், அங்கே 14 வீடு எடுங்கள்.

அடுத்து, பகுதிக்குள் ஏழு வீடு. ஒரு பகுதியில் 140 வீடு இருந்தால் ஏழால் வகுத்து 20, அதாவது ஒவ்வொரு இருபதாவது வீடு, தொடக்கம் மறுபடியும் ரூபாய் நோட்டு. ஊர் நடுவில் நின்று பேனாவைச் சுழற்றிவிட்டு அது காட்டும் திசையில் நடக்கும் வழக்கமும் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் கோயிலையும் டீக்கடையையும் ஒட்டிய வீடுகளே திரும்பத் திரும்ப மாட்டும், கடைக்கோடி வீடு மாட்டவே மாட்டாது.

வீடு பூட்டியிருந்தால்? வேறு நேரத்தில் இரண்டு முறை திரும்பிப் போங்கள், அதற்குப் பிறகுதான் அடுத்த வீடு. வீடு இடிந்திருந்தால் 'இல்லை' என்று அடித்துவிட்டுப் போகாதீர்கள். அந்தக் குடும்பம் எங்கே போயிருக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டு, முடிந்தால் அங்கே போய்ப் பேசுங்கள். அதிகம் இழந்தவர்கள் அவர்கள்தான், அவர்களை விட்டுவிட்டால் ஓட்டு வீடு தப்பித்தவர்களின் கணக்கு மட்டுமே கையில் மிஞ்சும். 210 வீட்டில் 168க்கு மேல், அதாவது 80 சதவீதம் முடிந்தால் நம்பி முடிவெடுக்கலாம்.

மொத்தமே சில நூறு வீடுகள் உள்ள சின்ன இடமாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், எல்லா வீட்டுக்கும் போய்விடுங்கள்.

படி 5: கேள்விகள்

இரண்டு பக்கம், இருபது நிமிடம். அதற்கு மேல் ஒரு வரி கூட வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் 'இந்தப் பதில் வந்தால் யார் என்ன செய்வார்கள்' என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாத கேள்வியை அடித்துவிடுங்கள். ஆதார் எண், சாதி, வருமானம், சொத்து இழப்பு எதுவும் வேண்டாம். இழப்பைக் கேட்டால் நீங்கள் நிவாரணப் பணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர் என்று நினைப்பார்கள், பிறகு எல்லாப் பதிலும் அதற்கேற்ப மாறிவிடும்.

கேள்வியை எழுத்துத் தமிழில் அச்சடித்துப் படிக்காதீர்கள். 'தங்கள் குடிநீர் ஆதாரம் யாது' என்றால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அந்த ஊர்ப் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள், எல்லாக் குழுவும் ஒரே வாக்கியத்தைக் கேட்கும்படி.

"நேத்து குடிச்ச தண்ணி எங்கேருந்து எடுத்தீங்கம்மா? கொதிக்க வச்சீங்களா, மாத்திரை போட்டீங்களா, அப்படியேவா?" 'பொதுவாக' என்று கேட்டால் புயலுக்கு முந்திய வழக்கத்தைச் சொல்லிவிடுவார்கள், அதனால் நேற்று என்றே கேட்க வேண்டும். அடுத்து, அந்தக் குடத்தைக் காட்டச் சொல்லி ஒரு டம்ளர் எடுத்து குளோரோஸ்கோப்பில், அதாவது தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினை நிறத்தால் காட்டும் சின்னக் கருவியில், பாருங்கள். மஞ்சள் நிறம் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் என்ற அளவுக்குள் இருந்தால் சரி. தொட்டியில் குளோரின் இருக்கிறது என்று ஊராட்சியில் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும், ஆனால் உடைந்த குழாய் வழியாக வந்து, இரண்டு நாள் குடத்தில் நின்ற தண்ணீரில் ஒன்றும் மிச்சம் இருக்காது. குடத்தில் பார்ப்பதுதான் கணக்கு. கடல்நீர் ஏறிய கிணறு என்றால் உப்புக் கரிக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தக் கிணற்றைத் தொடர்ந்து இறைத்துக் காலி செய்யச் சொல்லி அறிவுரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயிருந்து இன்னும் உப்புநீர் மேலே வரும்.

"கக்கூஸ் போக இப்ப எங்க போறீங்க?" வெள்ளத்துக்குப் பிறகு கழிப்பறை இருந்தும் பயன்படுத்த முடியாத வீடுகள் நிறைய. தொட்டி நிரம்பி எதிர்த்துக்கொண்டு வரும். இந்தக் கேள்வியைப் பெண்களிடம் பெண்களே கேட்கட்டும், அதோடு சேர்த்து மாதவிடாய்க்குத் துணியோ நாப்கினோ இருக்கிறதா, மாற்ற மறைவான இடம் இருக்கிறதா என்றும்.

"போன ரெண்டு வாரத்துல வீட்ல யாருக்காவது காய்ச்சல், வயித்துப்போக்கு, கண்ணு மஞ்சளா போறது, உடம்புல தடிப்பு, அடிபட்ட காயம், பாம்புக்கடி?" ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மொத்தமாகக் கேட்டால் "எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்று பதில் வரும். காய்ச்சல் என்றால் கெண்டைக்கால் வலி இருக்கிறதா, தண்ணீரில் இறங்கி வேலை பார்த்தவரா என்று தொடர்ந்து கேட்க வேண்டும், எலிக்காய்ச்சலுக்கு அவைதான் தடயம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவியபோது, சேறு அள்ளி வீடு சுத்தம் செய்தவர்களும் மீட்பு வேலைக்குப் போனவர்களும் முக்கியமாக ஆபத்தில் இருந்தார்கள். டாக்சிசைக்ளின் தடுப்பு மாத்திரை யாருக்கு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். எத்தனை பேர் அப்படி வேலை செய்கிறார்கள், அவர்கள் காலில் பூட்ஸ் இருக்கிறதா, வெறுங்காலா என்ற எண்ணை அவர் கையில் கொடுப்பது உங்கள் வேலை.

"தினசரி சாப்பிடுற மாத்திரை, போடுற ஊசி இருக்கா? இன்னும் எத்தனை நாளைக்கு வரும்?" மருந்து அட்டையைக் கொண்டுவரச் சொல்லிக் கண்ணால் பாருங்கள். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது மாத்திரை மட்டுமாக இருக்காது, சீட்டும் போயிருக்கும். "வெள்ளை மாத்திரை, காலைல ஒண்ணு" என்று சொல்பவருக்கு யார் எதை எழுதிக் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு வரும் 'சீட்டு இல்லை' என்ற எண்ணிக்கையை வைத்துத்தான் நடமாடும் மருத்துவக் குழுவில் டாக்டர் வேண்டுமா, மருந்தாளுநர் மட்டும் போதுமா என்று முடிவாகும். இன்சுலின் உள்ள வீட்டில் கரண்ட் வந்துவிட்டதா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

தூக்கம் பற்றி ஒரு கேள்வி போதும்: "ராத்திரி தூக்கம் வருதாண்ணே? மனசு எப்படி இருக்கு?" பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை விழுந்த குடும்பங்களுக்கு அது ஒரு வருட மகசூல் நஷ்டம் இல்லை, புதுக்கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம் ஆகும். அப்படிப்பட்டவர் பேச ஆரம்பித்தால் படிவத்தை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள், இருபது நிமிடக் கணக்கு இங்கே மட்டும் செல்லாது. உயிரை விடுவது பற்றிப் பேசினால் அவரைத் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லி, 14416 (மனநல உதவி எண்) அல்லது 104க்கு (அரசின் சுகாதார உதவி எண்) அங்கிருந்தே பேசி, அன்றே வட்டார மருத்துவ அலுவலருக்குத் தெரிவித்துவிடுங்கள். குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளை இந்தப் படிவத்தில் வைக்காதீர்கள். அதற்குத் தனிப் பயிற்சியும் தனி இடமும் வேண்டும், அரைகுறையாகக் கேட்டால் கேட்கப்பட்ட பெண்ணுக்கே ஆபத்து.

அந்த இடத்துக்கென்று ஒரு கேள்வி கட்டாயம் இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து மீனவர் வீடுகளுக்குள் புகுந்தது. அங்கே கண் எரிச்சல், மூச்சுத்திணறல், தோல் அரிப்பு என்று கேட்காமல் வழக்கமான வயிற்றுப்போக்குக் கேள்விகளோடு திரும்பியிருந்தால் முக்கியமானது கைநழுவிப் போயிருக்கும். அதே மாதம் தாமிரபரணி வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய அந்த வெள்ளத்தில், எத்தனை நாள் வழியடைபட்டுக் கிடந்தீர்கள், அந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தும் போக முடியாதவர் உண்டா என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

படி 6: போகும் ஆட்கள்

இரண்டிரண்டு பேராக, ஒருவராவது பெண். ஒருவர் பேச, ஒருவர் எழுத. ஒரு ஜோடி ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு பகுதியை முடிக்கலாம், அப்படிப் பார்த்தால் பத்து ஜோடி இரண்டு மூன்று நாளில் முப்பதையும் முடித்துவிடும். அரை நாள் பயிற்சி போதும், ஆனால் அந்த அரை நாளில் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் பார்த்தே ஆக வேண்டும். வாக்கியம் எங்கே தட்டுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

கிராம சுகாதார செவிலியர் வழிகாட்டியாக வரட்டும், ஆனால் தன் ஊரிலேயே கேள்வி கேட்பவராக இருக்க வேண்டாம். அவர் முகத்துக்கு நேரே "யாரும் வந்து எட்டிப் பார்க்கலை" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? வார்டு உறுப்பினர் கூடவே வருவேன் என்பார். மரியாதையாகத் தெருமுனையிலேயே இருக்கச் சொல்லிவிடுங்கள், கஷ்டமான வேலைதான், ஆனால் அவர் பக்கத்தில் நின்றால் காலனித் தெருவில் ஒரு பதிலும் உண்மையாக வராது.

போனில் கோபோ டூல்பாக்ஸ் போன்ற செயலியில் படிவத்தை ஏற்றிக்கொண்டால் நெட் இல்லாமலும் வேலை செய்யும். ஆனாலும் காகிதப் படிவம் பையில் இருக்கட்டும். மூன்று நாளாகக் கரண்ட் இல்லாத ஊரில் போன் சார்ஜுக்குப் பிளக் தேடி அலைவீர்கள்.

வாசலில் முதலில் சொல்ல வேண்டியது: யார் நாங்கள், எதற்குக் கேட்கிறோம், பதில் சொல்லாவிட்டாலும் உங்களுக்கு வரவேண்டியது எதுவும் நிற்காது, பதில் சொன்னாலும் எங்களிடமிருந்து பணம் வராது. இந்தக் கடைசி வரியைச் சொல்லத் தயங்குவார்கள், சொல்லியே ஆகுங்கள். போட்டோ வேண்டாம்.

பையில் உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும் குளோரின் மாத்திரையும் கட்டாயம். ஒவ்வொரு குழுவிடமும் சிவப்பு நிறத்தில் ஓர் அவசரச் சீட்டு இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் குழந்தை, மூச்சு வாங்கும் முதியவர், காய்ச்சலோடு கண் மஞ்சளான ஆள், பனிக்குடம் உடைந்த பெண் என்று யாரைப் பார்த்தாலும் கணக்கெடுப்பு அங்கே நின்றுவிட வேண்டும். 108ஐ அழையுங்கள், பாதை இல்லையென்றால் டிராக்டரோ படகோ பிடித்து அனுப்புங்கள், சீட்டை நிரப்பி அன்று மாலையே வட்டார மருத்துவ அலுவலரிடம் சேருங்கள்.

படி 7: எண்ணைக் கையாளுவது

எல்லாப் பகுதியிலும் ஏழு வீடு முடிந்திருந்தால் கணக்கு எளிது. 12,600ஐ 210ஆல் வகுத்தால் 60, நீங்கள் பார்த்த ஒவ்வொரு வீடும் 60 வீட்டுக்காகப் பேசுகிறது. ஒரு பகுதியில் ஐந்து வீடுதான் முடிந்தது என்றால் அந்த ஐந்துக்கும் எடை கூடும்: 12,600 வகுத்தல் (30 பெருக்கல் 5), அதாவது 84.

210 வீட்டில் 21 வீட்டில் மருந்து தீர்ந்துவிட்டது என்றால் பத்து சதவீதம், ஏறக்குறைய 1,260 வீடு. ஆனால் இது மாதிரிதான், உண்மை எண் சுமார் 550க்கும் 2,000க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு எண்ணையும் எழுதுங்கள். மருந்து வாங்குபவர் 2,000 வீட்டுக்கு ஏற்பாடு செய்துகொள்ளட்டும், மிஞ்சினால் அடுத்த மாதத்துக்கு ஆகும். 'பத்து சதவீத மக்களுக்கு மருந்து இல்லை' என்று எழுதாதீர்கள். நீங்கள் எண்ணியது வீட்டை, ஆளை இல்லை.

210 வீட்டை வைத்து இறப்பு விகிதம் போடவும் கூடாது. அதற்கு எண்ணிக்கை போதாது. இறப்பை ஊர் ஊராகக் கிராம நிர்வாக அலுவலரிடமும் சுடுகாட்டுப் பணியாளரிடமும் தனியாகக் கேளுங்கள். பத்தாயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு இறப்புக்கு மேல் போனால், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் இரண்டுக்கு மேல் போனால், அது பொது சுகாதார அவசரநிலை. இறந்த உடல்களால் ஊரில் கொள்ளைநோய் பரவும் என்ற பயம் ஒவ்வொரு பேரிடரிலும் கிளம்பும். விபத்திலும் வெள்ளத்திலும் இறந்தவர்களின் உடலால் அப்படிப் பரவுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அந்தப் பயத்தில் அடையாளம் காணாமலேயே அவசரமாகப் புதைத்தால் வீட்டுக்காரர்கள் ஆயுள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

படி 8: இரண்டு பக்க அறிக்கை, 48 மணி நேரத்துக்குள்

அழகான அறிக்கை ஒரு மாதம் கழித்து வந்து யாருக்கும் பயன் இல்லை. கடைசிப் படிவம் வந்த இரண்டு நாளில், இரண்டு பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம்: எத்தனை வீடு, எந்தப் பகுதி, யார் செய்ய வேண்டும். "குடத்துத் தண்ணீரில் குளோரின் இல்லாத வீடுகள் ஏறக்குறைய இத்தனை, அதிகம் இந்தத் தெருக்களில், வட்டார வளர்ச்சி அலுவலரும் சுகாதார ஆய்வாளரும்." தண்ணீர் இல்லாததற்குக் காரணம் மோட்டாருக்குக் கரண்ட் இல்லாதது என்றால் அந்த வரி மின்வாரியப் பொறியாளருக்குப் போக வேண்டும். எந்தத் தொட்டியின் மோட்டாருக்கு முதலில் லைன் இழுப்பது என்று அவர் அதை வைத்து முடிவு செய்வார். கலெக்டர் தினமும் நடத்தும் ஆய்வுக் கூட்டத்தில் இந்தத் தாள் மேசையில் இருக்க வேண்டும், மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

ஊருக்கும் திருப்பிச் சொல்லுங்கள். ரேஷன் கடைச் சுவரில் அரைப் பக்கம் கையால் எழுதி ஒட்டினால் போதும். கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து சொன்னார்கள் என்றால்தான் அடுத்த முறை கதவு திறக்கும்.

படி 9: திரும்பவும் போங்கள்

ஒரு முறை எடுத்த கணக்கு பத்து நாளில் பழசாகிவிடும், ஏனென்றால் வெள்ளத்துக்குப் பிறகு வரும் நோய்கள் ஒன்றாக வருவதில்லை. காலரா போன்ற கடும் வயிற்றுப்போக்கு முதல் வாரத்திலேயே தலைகாட்டும். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் தண்ணீரில் நின்ற ஒன்று, இரண்டு வாரம் கழித்து. தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிட்டு வளர ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அது கடித்து நோய் வெளிப்பட இன்னும் ஒரு வாரம், அதனால் டெங்கு மூன்றாவது வாரத்துக்குப் பிறகுதான் ஏறும். டைபாய்டும் அதே நேரத்தில். 'ஏ' வகை மஞ்சள் காமாலை நாலாவது வாரத்தை ஒட்டி, 'இ' வகை அதற்கும் பிறகு. முகாம் தொடர்கிறது என்றால் தட்டம்மை எப்போது வேண்டுமானாலும் புகுந்துவிடும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

எனவே மூன்றாவது வாரத்தில் அதே 30 பகுதிகளுக்கு ஒரே பக்கப் படிவத்தோடு போங்கள்: தண்ணீர், காய்ச்சல், மருந்து, தூக்கம், முன்பு கேட்டது கிடைத்ததா. வீடுகளைப் புதிதாகக் குலுக்குங்கள், பழைய ஏழு வீட்டுக்கு ஏற்கெனவே யாராவது உதவியிருப்பார்கள். லாரிகள் அதற்குள் நின்றுபோயிருக்கும், டிவிக்காரர்கள் வேறு செய்திக்குப் போயிருப்பார்கள். உண்மையில் அந்த நேரத்துக் கணக்குதான் அதிகம் தேவைப்படுகிறது.

ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை வீடு வீடாகப் போக வேண்டியதில்லை. கிராம சுகாதார செவிலியர் தன் பட்டியலில் உள்ள கர்ப்பிணிகளிடம் மட்டும் வாரம் ஒரு முறை, கண் மஞ்சளாக இருக்கிறதா, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறதா என்று கேட்டால் போதும். 'இ' வகைக் காமாலை கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால், ஒருவர் ஆம் என்று சொன்னாலும் நாட்டு மருந்துக்கு அலைய விடாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, அந்தத் தெருவின் தண்ணீரை மறுபடியும் குளோரோஸ்கோப்பில் பாருங்கள்.